மேலகரத்துக் கையெழுத்துகள்

தென்காசி
12-7-1958

அம்மாவுக்கு அருமைநாயகத்தின் ஸ்தோத்திரம். மூட்டுவலி தேவலையா? நான் சுகம். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதி எழுதி மனுசனாகிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். வடகரையில் எட்டுக் குடிசைகள் எரிந்துபோயின. அவர்களுக்காக மேலகரத்தில் வீடு வீடாக நெல் வசூலிக்க அனுமதி கேட்டு மனு எழுத பேச்சிமுத்து அண்ணாச்சி வந்தார். அவர் வீடும் எரிந்ததுதான். விளையாட்டுக்கு, "மொதல்ல எல்லா வீட்டுலயும் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து வாங்கிட்டு வாரும்" என்றேன்.

மனிதர் ஒரு வாரம் சாரலில் நனைந்து இருநூறு கையெழுத்து வாங்கிவிட்டார்! கையெழுத்துக்குக் காசா, பணமா? ஊரே சந்தோஷமாகப் போட்டது. ஆபீசில் அந்தத் தாள்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது இல்லாமலே அனுமதி கொடுத்திருப்பார்களாம். உடனே கொடுத்தும் விட்டார்கள்.

அனுமதிச் சீட்டோடு நெல் கேட்கப் போனால் வீட்டுக்கு வீடு ஒரே பதில்: "போன வாரந்தான ஒமக்குப் போட்டோம்? தெனமுமா வருவீரு?" கதவைச் சாத்திவிட்டார்கள். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

நேற்று வந்து, "தம்பி, பிள்ளையளெல்லாம் மழையில கெடக்கு. இன்னும் யாருகிட்ட கையெழுத்து வாங்கணும்?" என்றார். "நாளைக்கு வாரும்" என்று அனுப்பிவிட்டேன்.

பழைய போர்வை இரண்டு மூன்று இருந்தால் அனுப்புங்கள். இங்கே குளிருகிறது. உங்கள் கையால் நாலு வரியும் எழுதுங்கள். எனக்கு யாரும் எழுதுவதில்லை.

அண்ணாச்சி வருகிறார். கையில் புது வெள்ளைத்தாள் கட்டு. நிறுத்துகிறேன்.

உங்கள் மகன்
அருமைநாயகம்