ஆறு குளிர்காலத்து வெற்றிகள்

டேய் தடியா,

நலமா என்று கேட்கமாட்டேன், நேற்றுதான் பார்த்தேனே. குளிரில் விரல் விறைத்து, புத்தக அட்டைப் படம் பாதியில் நிற்க, வர்ணம் வாங்கக் கடைக்குப் போனேன். காய்ச்சலில் படுத்திருப்பதாகச் சொன்ன நீ, கடையின் பின்னறையில் யாரோடோ நம் பொம்மைச் சிப்பாய்ப் போர் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தாய். அவனிடம் நீ சொன்னது என் காதில் விழுந்தது:

"அந்த ஓவியன்கிட்ட ஆறு வருஷமா வேணும்னே தோத்துட்டிருக்கேன். நான் ஜெயிச்சா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான், பாவம்!"

நகமளவு சிப்பாய்களுக்கு லென்ஸ் வைத்து மீசை வரைந்தேனே, அவர்கள் ஒருநாளும் ஜெயிக்கவில்லையா? மனைவியிடம் புலம்பினேன். "உங்களுக்கு இப்பத்தான் தெரியுமா?" என்கிறாள்.

பொய்க் காய்ச்சலை மன்னித்துவிடுவேன். 'பாவம்' என்றாயே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. உண்மையாக ஆடி என்னைத் தோற்கடி. அழுதாலும் விடாதே.

இதுவரை ஒருமுறையும் ஜெயிக்காத,
உன் ஓவியன்