மஞ்சள் மரத்தடியில் நீங்கள் நிறுத்தி வைத்தது

விளையாடும்போது நீங்கள் கையில் பிடித்திருக்கும் கறுப்பு ரிமோட்டை இன்று மூக்கருகே கொண்டுபோனேன். வேப்பம்புண்ணாக்கு வாசனை இல்லை. இலுப்பூர் உரக்கடையிலிருந்து வந்து எவ்வளவு சோப்புப் போட்டாலும் உங்கள் விரல்களை விட்டுப் போகாத வாசனை அது. நீங்கள் போன பிறகும் ரிமோட்டில் வெகுநாள் இருந்தது. இப்போது பூண்டு வாசனைதான் வருகிறது. என் கை வாசனை. நான்தான் பிடித்துப் பிடித்து அழித்திருக்கிறேன். அது மட்டுமா அழித்தேன்? அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

சவுதியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது அந்த வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்தீர்கள். டிவியில் மாட்டியதும் நீலப் புல்வெளி விரிந்தது. ஆகாயத்தில் திமிங்கிலங்கள் மிதந்தன. சிவப்புப் போர்வை போர்த்திய, உருண்டை முகமுள்ள குட்டிப் பயல் ஒருவன் கையில் விளக்கோடு தீவு தீவாகத் தாவிப் போனான். எங்கே போகிறான் என்று கேட்டேன்.

"அவங்க ஊர்ல மழ நின்னுபோச்சு. மழையத் தேடிப் போறான்" என்றீர்கள்.

மீசை நரைத்த மனிதர் நீங்கள், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தப் பயல் பள்ளத்தில் விழும்போதெல்லாம் பதறினீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"இந்த வயசுல இதுல என்னங்க இருக்கு?"

"கலரு" என்றீர்கள். கொஞ்சம் கழித்து, "அங்க அத்தன வருசமும் மண்ணு நெறந்தான் பாத்தேன். வானங்கூட மண்ணு நெறம். இதப் பாத்தா கண்ணு குளுந்துபோகுது. அப்புறம், இங்க விழுந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக. எந்திரிச்சு நடக்க வேண்டியதுதான்" என்றீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்னவாசலிலிருந்து உங்கள் அக்கா வந்திருந்தார்கள். டிவியைப் பார்த்தார்கள், உங்களைப் பார்த்தார்கள். "ஒரு புள்ள இருந்தா அது வெளாடும். இல்லாத வீட்டுல நீ வெளாடுற, தம்பி" என்றார்கள். குத்திக்காட்டச் சொல்லவில்லை. பெருமூச்சோடு, பரிதாபப்பட்டுச் சொன்னதுதான். நீங்கள் சிரித்துக்கொண்டே டிவியை அணைத்தீர்கள். அதற்குப் பிறகு கேட் சத்தம் கேட்டால் போதும், திரை இருண்டுவிடும், உங்கள் கையில் பேப்பர் இருக்கும். முதலில் ஜன்னல் வழியே எட்டிப்பார்த்து உங்களுக்குச் சைகை காட்டியது நான். 'யார் வந்தா என்ன, வெளாடுங்க' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

கார்த்திகையில் கடை வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், எதற்கென்று தெரியாமல் பெட்டியைப் போட்டேன். பயல் ஒரு பெரிய மஞ்சள் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். எதிரே ஒரு தொங்கு பாலம். நீங்கள் கடைசியாக நிறுத்தி வைத்த இடம். நான் எதையும் அமுக்கவில்லை. சும்மா விட்டால் அவன் கொட்டாவி விடுகிறான், உட்காருகிறான், மரத்தில் சாய்ந்து தூங்கிப்போகிறான். அதைப் பார்த்துவிட்டு அணைத்தேன். பிறகு தினமும் அப்படித்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுவேன், அவன் தூங்கியதும் அணைப்பேன். உங்களைத் தூங்கவைத்த மாதிரி இருக்கும்.

ஆடியில் உங்கள் அக்கா, என் மதினி, என்னோடு சில நாள் தங்க வந்தார்கள். அவர்களிடம் எதை மறைப்பது? போட்டேன்.

"அது ஏன் ஒரே எடத்துல நிக்கிது? அங்கிட்டு நடக்க வையி."

"வேணாம் மதினி. அவுக நிப்பாட்டுன எடம்."

"அதுக்காக? அப்படியே நிக்கவா? நடக்க வையி ஆத்தா, பாப்போம்."

எனக்கும் ஆசைதான். அதை மறைத்து என்ன செய்ய? மதினி சொன்னார்கள் என்பது ஒரு சாக்கு. பட்டனை அமுக்கினேன். பயல் பாலத்தில் ஓடி, பாதியில் தடுமாறி, ஆற்றில் தலைகுப்புற விழுந்தான். தலையில் ஒரு மீனோடு எழுந்தான். மதினி வாய்விட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. மறுபடி ஓடவைத்தேன். இந்தத் தடவை கடந்துவிட்டான்.

அப்போது திரையின் மூலையில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றி மறைந்தது. நீங்கள் முன்பு சொல்லியிருக்கிறீர்கள். அது சுற்றினால், வந்த இடத்தைத் தானாகவே பதிந்துகொள்கிறது என்று அர்த்தம். அவசரமாக அணைத்துத் திரும்பப் போட்டேன். பயல் பாலத்துக்கு அக்கரையில் நின்றான். மஞ்சள் மரம் தூரத்தில் தெரிந்தது. நடந்து திரும்பிப் போகலாம்தான். ஆனால் போய் நின்றால் அது நான் நிறுத்திய இடமாகத்தானே இருக்கும்?

"என்னாத்தா, ஏன் அழுகுற?" என்றார்கள் மதினி. சொன்னேன். உங்கள் கை கடைசியாக விட்டுப்போன இடம் இனி வராது என்று சொன்னேன். மதினி டிவியைப் பார்த்தபடியே கேட்டார்கள்: "அன்னைக்கி நான் சொன்னது தம்பியச் சுட்டுருக்குமோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஆமா மதினி" என்று சொல்லிவிட்டேன். அழுதுகொண்டிருந்த எனக்குத் துணைக்கு அழ ஒருத்தி தேவைப்பட்டாளோ என்னவோ. மறுநாள் காலை பஸ்ஸிலேயே அவர்கள் கிளம்பிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றும் உங்கள் முன்னால் கூசுகிறேன். உங்களுக்கு உங்கள் அக்கா என்றால் உயிர்.

ஆவணி முழுக்கப் பேச்சில்லை. பிறகு ஒரு நாள் போன் செய்தார்கள். சௌக்கியம்கூடக் கேட்கவில்லை. "அந்தப் பய மழையக் கண்டுபுடிச்சானா?"

"நான் தொடவே இல்ல மதினி."

"ஞாயித்துக்கெழம வாரேன். நான் இல்லாம போட்டுறாத."

இப்போது வாரம் தவறாமல் வருகிறார்கள். எனக்கு வழி சொல்கிறார்கள், பாதி தப்பான வழி. பயல் விழுந்தால் அவர்களும் உங்களைப் போலவே பதறுகிறார்கள்.

பாலத்துக்கு அக்கரையில் என்ன இருக்கிறது தெரியுமா? ஊதா நிற மலைகள். மலை முழுக்க வெள்ளைப் பறவைகள். நாங்கள் கிட்டே போனதும் அத்தனையும் ஒன்றாக எழும்பின. மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மனசு நிறைந்துபோனது. அடுத்த நொடியே, இதை நீங்கள் பார்க்கவில்லையே என்ற ஏக்கமும் வந்தது. ஒவ்வொரு புதுத் தீவிலும் இப்படித்தான் ஆகிறது. சந்தோஷம் முன்னால் வருகிறது, அதன் பின்னாலேயே இதுவும் வந்துவிடுகிறது. எது வந்தாலும் ரிமோட்டை மட்டும் நான் கீழே வைப்பதில்லை.