சார்ஜருக்குத் தேடின பன்னெண்டு வோல்ட்

சுங்குவார்சத்திரம்
9-2-2014

அன்பு மகள் ஜெர்சிக்கு அப்பா எழுதிக்கிறது. கர்த்தருடைய கிருபையால நானும் உன் அம்மாவும் சொகமா இருக்கோம், அந்த ஜெர்மனிக் குளிர்ல உன்னையும் அவர் அப்படியே வெச்சிருக்கணும்னு ரெண்டு வேளையும் கேட்டுக்கினு இருக்கோம். போன்ல கூப்பிட்டா நீ மீட்டிங்குன்றே, நான் கம்பெனி பஸ்ஸை எடுக்கணும்ன்றேன், அதான் ஒக்காந்து எழுதறேன். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை, சர்ச்சுல முழங்கால் போடாதேன்னா கேக்க மாட்டேன்றா. மாடி ரூமுக்கு வேல்ராஜுன்னு தூத்துக்குடிப் பையன் குடி வந்திருக்கான், செல்போன் கம்பெனியில லைன் வேலை. என்னை அண்ணாச்சின்றான், நான் என்னா மளிகைக் கடையா வெச்சிருக்கேன்?

கிறிஸ்மஸுக்கு வரேன்னே, வரலை. சரி. போன மாசம் என்னா சொன்னே, இன்னும் மூணு வருஷம் ஆகும்போல, அந்த ரிமோட் ப்ளேனை யாராச்சும் காலேஜ் பசங்களுக்குக் குடுத்துடுப்பான்னே. எனக்குச் சுருக்குன்னுச்சு. தண்டலம் காலேஜ்ல படிக்கிறப்ப சோறு தண்ணி இல்லாம நீ ஒட்டின ப்ளேன். திரும்பி வரப்போற பொண்ணு அதைக் குடுக்கச் சொல்லுமா? இவ அங்கயே இருந்துடுவாளோன்னு அம்மா புலம்பினா, சும்மா இருடின்னு அதட்டிட்டேன், ஆனா எனக்கும் அதே பயம்தான். குடுக்க மாட்டேன், எம்பொண்ணு வரும்போது ரெடியா இருக்கணும்னு ரோஷம் வந்துடுச்சு. பீரோ மேலேர்ந்து எல்லாத்தையும் எடுத்தேன். ஒரு பேட்டரி உப்பிக்கினு இருந்துச்சு, அதை மணல்ல போட்டு ஒதுக்கிட்டேன், இன்னொண்ணு நல்லா கீது. சார்ஜரும் கீது, அதுக்குக் கரண்ட் குடுக்கிற அடாப்டரைத்தான் காணோம். லேப்டாப் சாமானோட அதையும் அள்ளிக்கினு போயிட்டியா?

சார்ஜர் அடியில பன்னெண்டு வோல்ட் டிசின்னு போட்டிருந்துச்சு. வேல்ராஜ் இன்டர்நெட் மோடத்தோட அடாப்டரைக் குடுத்தான், அதுவும் பன்னெண்டுதான், அதோட பின்னும் கச்சிதமா உள்ள போச்சு. லைட் வந்துச்சு, ஆகான்னு ஸ்டார்ட்டை அமுக்கினா படக்குன்னு அணைஞ்சிடுச்சு, திரும்ப வந்துச்சு, திரும்ப அணைஞ்சிச்சு. ஸ்ரீபெரும்புதூர்ல கடை கடையா ஏறி இறங்கினேன். வோல்ட்டு சரி, ஆம்பியர் பத்தலை, இது அஞ்சு ஆம்பியராவது கேக்கும், எங்ககிட்ட அவ்ளோ பெருசு இல்லைன்னு கையை விரிச்சிட்டாங்க. மெட்ராஸ் போய்த் தேட எனக்கு ஏது லீவு? அப்பதான் மண்டையில உறைச்சுது, நான் தினம் ஓட்டற பஸ்லயே பெரிய பேட்டரி கீதே! பஸ்ஸுக்கு இருபத்திநாலு வோல்ட், ஆனா அது ரெண்டு பன்னெண்டைச் சேர்த்துக் கட்டினது, ஒண்ணுலேர்ந்து மட்டும் ஒயரை இழுத்தா தீர்ந்துச்சு. ஒரகடத்துல மத்தியானம் ஷிஃப்ட் விடற வரைக்கும் வண்டி சும்மாதானே நிக்குது. சூப்பர்வைசர்கிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சேன், பயப்படாதே. சார்ஜர் கம்முனு வேலை பாத்துச்சு. ஏற வந்த பொண்ணுங்க, அண்ணா இன்னா இது பாம் மாதிரி கீதுன்னு எறங்கி ஓடுதுங்க!

சார்ஜ் ஏறினப்புறம் கை சும்மா இருக்குமா? போன ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிச்சு, வல்லம் வடகால் பக்கம் காலி இடத்துக்கு மூணு பேரும் போனோம். வேல்ராஜ் ப்ளேனைப் பிடிச்சு வீசினான், ரிமோட் என் கையில. அம்மாடி, ஜிவ்வுன்னு ஏறிச்சு பாரு! உன் அம்மா முட்டிவலி மறந்து குதிக்கிறா, நான் விசில் அடிக்கிறேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, எனக்கு ஏத்தத்தான் தெரியுது, இறக்கத் தெரியலை. அது என் பக்கம் திரும்பினா இடது வலதா மாறிடுது. கழுத்து வலிக்க அண்ணாந்துக்கினே நின்னேன். சுத்திச் சுத்தி பேட்டரி தீர்ந்து, புதுசா கட்டற ஒரு கம்பெனி மதிலுக்கு அந்தாண்ட போயிடுச்சு. செக்யூரிட்டி நல்ல மனுஷன், உள்ள போய்த் தேடிட்டும் வந்தார், கிடைக்கலை.

வேல்ராஜ் வேற வாங்கிக்கலாம் அண்ணாச்சின்றான். அவனுக்கு என்னா தெரியும். ஏர்போர்ட்ல உன்னை ஏத்தி அனுப்பின அன்னைக்கும் நான் இப்படித்தான் கூட்டத்துல எகிறி எகிறிக் கையாட்டினேன், பக்கத்துல நின்னவங்ககிட்ட எல்லாம் எம்பொண்ணு போறா, எம்பொண்ணு போறான்னேன். உன்னைத் திருப்பிக் கூட்டிக்கினு வர்றது எப்படின்னு எனக்கு அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியலை. ப்ளேன் போனா போவுது. நீ வந்துடு கண்ணு.

ராத்திரியில வெறும் ரொட்டியைத் தின்னுட்டுப் படுக்காதே, ஒரு பிடி அரிசி வடிச்சுக்கோ. ஷூ நனைஞ்சா உடனே மாத்திக்கோ. உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காக்கட்டும், அம்மா உனக்கு முத்தம் சொல்லச் சொன்னா.

உன் அப்பா
ஆபிரகாம்