கழித்த எடை

மார்ச் 4
சுண்டுவுக்கு ஆறு மாதம் முடிந்தது. சுண்டுவிரல் போல இருக்கிறான் என்று பேரனுக்கு நான் வைத்த பெயர். எடை மந்தமாகத்தான் ஏறுகிறது, திட உணவு தொடங்குங்கள் என்றாள் நர்ஸ். அடுத்த மாதம் மறுபடி பார்ப்பார்களாம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? வீட்டில் எடை மெஷின் இருக்கிறது. அவனைத் தூக்கிக்கொண்டு ஏறி, மொத்தத்தில் என் எடையைக் கழித்தால் போதும். காலமெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? முதலில் நான் மட்டும் ஏறி, என் எடையைப் பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 11
மசித்த காரட். ஒரு கரண்டி உள்ளே, ஒன்றரைக் கரண்டி என் சட்டைமேல். எடை இம்மியும் ஏறவில்லை.

மார்ச் 18
குறைந்திருக்கிறது. மறுபடியும் ஏறிப் பார்த்தேன். அதேதான். மகளிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். "என் பால்லதான்பா ஏதோ குறை" என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பையனுக்கு மார்க் குறைந்தால் வாத்தியாரை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். "அவன் என்ன பரீட்சையா எழுதுறான்?"

மார்ச் 25
இன்னும் குறைவு. எங்கேடா கண்ணு போகுது எல்லாம்? கரண்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கவலையில் எனக்கும் சோறு இறங்கவில்லை, நெஞ்சிலேயே நிற்கிறது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன். "தாத்தாவும் பேரனும் போட்டி போட்டு இளைக்கிறீங்க" என்றாள் மகள், சிரிக்காமல். வேலையை விடப் போகிறாளாம்.

மார்ச் 26
பொறுக்க முடியாமல் இன்றே கிளினிக் போனோம். நர்ஸ் அவனைத் தராசில் கிடத்தினாள்.
ஏறியிருக்கிறான். நன்றாகவே ஏறியிருக்கிறான்.
மகள் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் என் வீட்டுக் கணக்கை விளக்கினேன். நர்ஸ் பொறுமையாகக் கேட்டாள்.
"ஒவ்வொரு தடவையும் நீங்க தனியா ஏறிப் பாத்தீங்களா, சார்?"
இல்லை. என் எடை மாறாது என்று வைத்துக்கொண்டேன். முதல் நாள் பார்த்த எண்ணையே கழித்துக்கொண்டு வந்தேன்.
"செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க."
முள்ளைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு டாக்டரைக் கூப்பிட்டாள்.

ஏப்ரல் 9
என் சோதனை முடிவு வந்தது. மகள் முழுதும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 15
சுண்டு இன்று கிண்ணத்தையே காலி செய்தான். கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு ஒரே ரகளை. மகள் இன்னொரு கிண்ணத்தில் எனக்கும் மசித்துக் கொண்டுவந்தாள்.
"ஒரே ஒரு வாய், அப்பா."
கரண்டி கிட்டே வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.