எலி கடித்த விரல்

அன்புள்ள அப்பாவுக்கு, முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

போன வாரம் ஆய்வகத்தில் ஒரு எலி கையுறையோடு சேர்த்து விரலைக் கடித்துவிட்டது. பயப்படாதீர்கள், அது கிருமி ஏற்றாத எலிதான். வீக்கத்தைப் பார்த்த டாக்டர், "வீங்கட்டும்மா, உடம்பு உதவிக்கு ஆள் கூப்பிடுது" என்றார்.

எங்கள் ஆராய்ச்சியே அதுதான். கிருமி நுழைந்ததும் வெள்ளையணுக்களைக் கூப்பிடும் புரதம் ஒன்று உண்டு. அது இல்லாத எலிகள் சின்னக் கிருமிக்கே சுருண்டுவிடுகின்றன. வெள்ளையணுக்கள் உடம்புக்குள்ளேயேதான் இருக்கின்றன. கூப்பிடாததால் வருவதில்லை.

"வேலையா இருப்பே, எதுக்குத் தொந்தரவு" என்று நீங்கள் போன் செய்வதையே விட்டுவிட்டீர்கள். எலி அறைக்குள் போன் கூடாது, அதனால் எடுக்க மாட்டேன். இருந்தாலும் அடித்துவிட்டு வையுங்கள் அப்பா. வெளியே வந்து கையுறையைக் கழற்றியதும் முதலில் உங்கள் மிஸ்டு காலைத்தான் தேடுகிறேன்.

கூண்டு மாற்ற நேரமாகிவிட்டது.

உங்கள் பெரியவள்