முதுகுவலி லீவு

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் கம்பெனியில் லிஃப்ட் பழுது பார்க்கிற ஆண்கள் அத்தனை பேரும் பயந்தாங்கொள்ளிகள். இருபது மாடி ஆழக் குழிக்கு மேலே நின்றுகொண்டு கிண்டலடிப்பார்கள். “பிள்ளையைப் பார்த்துக்கொள்ள லீவு வேண்டும்” என்று கேட்க மட்டும் நாக்கு எழாது. நானும் அந்தக் கூட்டம்தான். மேலாளர் ஒருவருக்குத்தான் உண்மை தெரியும். மற்றவர்களுக்கும் அப்பாவுக்கும் நான் சொல்லியிருப்பது – முதுகில் தட்டு விலகிவிட்டது, ஆறு மாதம் படுக்கை.

என் மனைவி மெட்ரோ ரயில் ஓட்டுகிறாள். பிரசவ விடுப்பு முடிந்து நேற்று வேலைக்குத் திரும்பினாள். மகளுக்கு எட்டு மாதம். இனி பகலெல்லாம் அவளும் நானும்தான்.

ஏன் பொய்? போன வருஷம் இரட்டைப் பிள்ளைகள் பிறந்து வீட்டில் இருந்த எலக்ட்ரீஷியனுக்கு, என்னோடு ஜோடியாக வேலை பார்க்கிறவன், நாங்கள் ‘மொட்டை’ என்று கூப்பிடுகிறவன், ‘ஆயாம்மா’ என்று பேர் வைத்தான். மனிதர் திரும்பி வந்து இத்தனை நாளாகியும் அந்தப் பேர் போகவில்லை.

மார்ச் 6, வெள்ளி

மகளைக் கழுவி, துடைத்து, பவுடர் போட்டு, துணி கட்டி முடித்தேன். உடனே மறுபடியும் போய்விட்டாள். சிரிப்பு வேறு.

மார்ச் 9, திங்கள்

மால் கழிப்பறையில் பிள்ளைக்குத் துணி மாற்றும் பலகை பெண்கள் பக்கம் மட்டும்தான் இருக்கிறது. நான் கைகழுவும் தொட்டி மேடையில் துண்டை விரித்து மாற்றினேன். பின்னால் ஒருவர், “அம்மா இல்லையா, பாவம்” என்றார். செத்துப்போனதாக நினைத்துவிட்டார் போல. ஊசி போடப் போன இடத்திலும் நர்ஸ், “அடுத்த தடவை அம்மாவை வரச் சொல்லுங்க, விவரம் சொல்லணும்” என்றார். எனக்குக் காது இல்லையா? ஆண்கள் மாறணும் மாறணும் என்று மேடையில் முழங்குகிறவர்கள், முதலில் ஒரு பலகையை எங்கள் பக்கம் மாட்டட்டும்.

சாயங்காலம் அப்பா போன் செய்தார். மனைவிதான் எடுத்தாள். “படுத்தேதான் இருக்கானாம்மா? எழுந்திருக்க விடாதே” என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. “சரி மாமா” என்று சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இதுதான் கடைசி. இனிமே உங்கப்பாகிட்ட என்னால பொய் சொல்ல முடியாது. இந்த ஞாயிறுக்குள்ள நீயே சொல்லிடு, இல்லேன்னா நான் சொல்லிடுவேன்.”

“கொஞ்சம் பொறேன்...”

“எதுக்குப் பொறுக்கணும்? உனக்கு வெட்கம்னா யாரை நினைச்சு வெட்கம்? பாப்பாவையா, நான் வேலைக்குப் போறதையா?”

நான் பாப்பாவின் துணிகளை மடிக்க ஆரம்பித்தேன். எதை நினைத்து வெட்கம் என்று இப்போது எழுதும்போதும் தெரியவில்லை.

மார்ச் 12, வியாழன்

அப்பாவின் நம்பரை அழுத்தினேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். கோழை. கோழை.

மார்ச் 14, சனி

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மதியம் வாட்ச்மேன் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். “சார், லிஃப்ட் மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நின்னுபோச்சு. உள்ளே ஒரு பெரியவர். உங்களைத்தான் பாக்க வந்தாராம்.” அப்பா! சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்திருக்கிறார். இந்த லிஃப்டைப் பராமரிப்பது வேறு கம்பெனி; அவர்கள் ஆள் வரச் சாயங்காலம் ஆகுமாம்.

மறைக்கக் கூடாது, எழுதிவிடுகிறேன். முதலில் என் கண் கட்டில் பக்கம்தான் போனது. போய்ப் படுத்துக்கொண்டால்? கம்பெனி ஆள் வந்து திறக்கட்டும், அப்பா வந்து படுத்திருக்கிற என்னைப் பார்க்கட்டும் – அப்படியும் ஒரு நினைப்பு.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலாவது மாடிக் கதவுக்குப் போனேன். உள்ளேயிருந்து தட்டிக்கொண்டே இருந்தார்.

“யாருப்பா? திறங்கப்பா. மூச்சு முட்டுது.”

“அப்பா, நான்தான்.”

தட்டுவது நின்றது. “டேய், நீ ஏண்டா எழுந்து வந்தே? முதுகு என்னத்துக்கு ஆகும்? போய்ப் படு!”

நான் கதவில் காதை வைத்தேன். பிறகு, யாரோ சின்னப் பையன் மாதிரி – “போயிடாதே. பயமா இருக்குடா.”

என் அப்பா வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அவருக்கும் அதைச் சொல்ல ஒரு பூட்டிய பெட்டி தேவைப்பட்டிருக்கிறது.

மகளை வாட்ச்மேனிடம் நீட்டினேன். “ஐயோ, எனக்குப் பழக்கமில்லை சார்.”

“எனக்கும்தான் இல்ல. கழுத்தோரமா சாச்சுக்குங்க.”

லிஃப்டைக் கையால் இறக்க, மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறையில் ஒருவர் பிரேக் நெம்புகோலைப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். தனியாகச் செய்யவே கூடாது. எதிர் வீட்டுக் கணக்கு டீச்சரைக் கூப்பிட்டேன். “எனக்குக் கணக்குதானே தெரியும்” என்றவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார். மெயின் சுவிட்சை அணைத்தேன். “அமுக்குங்க” என்றால் அமுக்கினார், “விடுங்க” என்றால் விட்டார். என் ஜோடி மொட்டைக்கு இந்தப் பொறுமை கிடையாது. அங்குலம் அங்குலமாக மூன்றாவது மாடிக்கு இறக்கினோம். வேலைக்கு வைத்திருக்கும் லிஃப்ட் சாவியால் கதவைத் திறந்தேன்.

அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் தைலம், முதுகுக்குக் கட்டும் பெல்ட், ஒரு ரப்பர் வெந்நீர்ப் பை. எழுந்ததும் முதல் வார்த்தை: “திரும்பு. எங்க வலிக்குது?”

“எங்கயும் இல்லப்பா. முதுகு நல்லாத்தான் இருக்கு. பாப்பாவைப் பாத்துக்கத்தான் லீவு போட்டேன்.”

படியில் வாட்ச்மேன் தோளில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்த்தார், கிரீஸ் அப்பிய என் கையைப் பார்த்தார், டீச்சர் கையிலும் கிரீஸ் இருப்பதைப் பார்த்தார்.

“அதுக்கு எதுக்குடா முதுகை இழுத்தே? தெருவுல ஒருத்தர் விடாம வைத்தியம் கேட்டு வந்திருக்கேன்!”

டீச்சர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் எங்களால் அடக்க முடியவில்லை. அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படியேறினார்.

இவ்வளவுதானா? இதற்காகவா இத்தனை நாள் செத்தேன்?

மார்ச் 15, ஞாயிறு

பெல்ட்டை மனைவி எடுத்துக்கொண்டாள். “நாளெல்லாம் உட்கார்ந்து ரயில் ஓட்டறது நான். முதுகு வலிக்கறதும் எனக்குத்தான்.” இதை இவ்வளவு நாளில் ஒரு தடவையாவது கேட்டேனா?

மொட்டைக்கும் போன் செய்து உண்மையைச் சொன்னேன். “அப்போ நீ ரெண்டாவது ஆயாம்மா” என்றான். “ஆமாண்டா” என்றேன். வைப்பதற்கு முன் குரலைத் தாழ்த்தி, “மேலாளர்கிட்ட எப்படிடா கேட்டே?” என்றான். அவன் மனைவிக்கு இது ஏழாவது மாதம்.

நன்றாகத் தூங்கினேன் என்று எழுத முடியாது, மகள் விடவில்லை. ஆனால் முழித்திருந்த நேரமெல்லாம் நிம்மதியாக முழித்திருந்தேன்.

மார்ச் 20, வெள்ளி

அப்பா இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை. “லிஃப்டை நம்பி இறங்க மாட்டேன்” என்கிறார். படி இருப்பதை நான் நினைவூட்டவில்லை.

இன்று காலை நான் துணி காயப்போட்டுவிட்டு வந்தபோது குளியலறைக் கதவு திறந்திருந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மகளைக் குப்புறக் கையில் தாங்கிக் கழுவிக்கொண்டிருந்தார். போன் காதுக்கும் தோளுக்கும் நடுவே. அந்தப் பக்கம் பெரியப்பா.

“நானா? சும்மாதான் உட்கார்ந்திருக்கேன், பேப்பர் பாத்துக்கிட்டு...”

துண்டை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரே நின்றேன்.

“என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்கன்னு பெரியப்பாகிட்ட நிஜத்தைச் சொல்லுங்கப்பா.”