படையலில் வைத்த இரண்டு கிளாஸ்

தம்பி சின்னு, இன்று காலை சோடா மெஷின் மறுபடியும் மூச்சு விட்டது. நான் தொழிற்சாலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். சட்டையில் ஒரு கையை நுழைத்தபடி நின்றுவிட்டேன். நீதான் குழாயைத் திறந்து சோடா பிடிக்கிறாய் என்று காது நம்பிவிட்டது. நீ இல்லை என்று மனசுக்கு ஞாபகம் வர கொஞ்சம் நேரம் ஆகிறது. அந்தக் கொஞ்ச நேரம்தான் கொல்கிறது.

சத்தம் முன்னைப் போல இல்லை, மெலிந்துவிட்டது. கேஸ் தோம்பு, அந்த இரும்புச் சிலிண்டர், தீரப் போகிறது என்று உன் வேலைக் கூட்டாளி சேகர் சொன்னான். “மாத்தவாக்கா, இல்ல கழட்டி எடுத்துட்டுப் போகவா?” என்று கேட்டான். நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தோட்டத்துப் பள்ளியோடு என் படிப்பு நின்றது உனக்குத் தெரியும். ஆனாலும் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் சேகருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அன்றைக்குக் கிளினிக்கில் நர்ஸ், அந்தத் தமிழ் மிஸ்ஸி, உன் இனிப்புக் கலர் சோடாப் பழக்கத்தைப் பற்றிக் கேட்டாளே.

“அண்ணே, ஒரு நாளைக்கு எத்தன கேஸ் தண்ணி குடிப்பீங்க?”

“நாலு டின்னு. வெயிலா இருந்தா கூட ஒண்ணு ரெண்டு.”

“சாதா தண்ணி?”

“அதுதான் மிஸ்ஸி தண்ணி.”

அவள் சிரிக்கவில்லை. பூட்ஸைக் கழற்றச் சொன்னாள். கால் விரல் இடுக்கில் ஒரு புண். அப்படி ஒன்று இருப்பதே உனக்குத் தெரியாது. “வலிக்கவே இல்லையே” என்றாய். “வலிக்கலன்னாத்தான் பயப்படணும்” என்றாள்.  சீனி வியாதியில் அப்பாவுக்கும் ஒரு விரலில்தானே ஆரம்பித்தது. சிடாம் கிரி தோட்டத்து லயத்தில் கடைசிக் காலத்தில் ஒற்றைக் காலோடு அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை நீயும்தானே பார்த்தாய்.

 திரும்பி வரும் வழியில் சுங்கை லாலாங் முனையில், நீ கேஸ் தண்ணி வாங்கும் கடைக்கு முன்னால் காரை நிறுத்தினாய். பழக்கத்தில் நிறுத்தினாய். ஆனால் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: “இனிப்பு இல்லாம இருந்துருவேன்க்கா. மூடியத் திறந்தா வருமே உஸ்ஸுன்னு, தொண்டையில குத்துமே, அது இல்லாமத்தான் இருக்க முடியாது.”

கொஞ்ச நாளிலேயே நீயும் சேகரும் அந்த மெஷினை ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றீர்கள். நீங்கள் ஏர்கோன் ரிப்பேர் பார்க்கப் போகும் சாப்பாட்டுக் கடை ஒன்றை மூடுகிறார்களாம், முதலாளி எடுத்துக்கொண்டு போகச் சொன்னாராம். ஐஸ்பெட்டி மாதிரி ஒரு தகரப் பெட்டி, முன்னால் வரிசையாகக் குழாய்கள்.

“இது வீடாடா, ரெஸ்டாரண்டா?”

“போர்டு மாட்டிருவோம்க்கா. அக்கா சோடா கடை. சேகருக்கு மட்டும் கடன் இல்ல.”

“அப்ப நான் தூக்கலடா, நீயே தூக்கு” என்று சேகர் கையை விடப் போனான்.

அன்று முழுக்க நீ தரையில் படுத்தே கிடந்தாய். இனிப்புச் சீராப் வரும் குழாய்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அடைத்துவிட்டு, வெறும் சோடா வரும் ஒன்றை மட்டும் விட்டுவைத்தாய். செம்புக் குழாய் ஒரு துண்டு வீட்டில் கிடந்தது, அதை எடுத்துக் கொடுத்தேன். “ஐயோ, சோடாத் தண்ணி செம்புல ஓடக் கூடாதுக்கா, விஷமாயிரும்” என்று தூக்கிப் போட்டாய். பைப்புத் தண்ணிக்கு ஃபில்டர் மாட்டினாய். தோம்பை ஜன்னல் ஓரமாக நிறுத்திச் சங்கிலியால் சுவரோடு கட்டினாய். மூடிய இடத்தில் கேஸ் கசிந்தால் மூச்சு முட்டிவிடும், இந்த ஜன்னலை மட்டும் சாத்தாதே என்று சொன்னாய். இன்று வரை நான் சாத்தவில்லை, மழை அடித்தாலும். சவர்க்கார நுரையைக் குழாய் மூட்டுகளில் தடவி, எங்கேயாவது கேஸ் கசிந்து முட்டை விடுகிறதா என்று கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தாய். மெஷின் திடீரென்று சீறியபோது நான் வெளியே ஓடிவிட்டேன். “அழுத்தம் கூடுனா அது மூச்சு விடும்க்கா. பயப்படாத” என்று சிரித்தாய்.

வெறும் சோடா உனக்கு இறங்கவில்லை. முகத்தைச் சுளித்தாய். அதற்கப்புறம் என் வேலை. பாசாவுக்கு, சந்தைக்குப் போய்ச் சின்ன எலுமிச்சை வாங்கி வந்தேன். இஞ்சியைத் தட்டிப் போட்டேன், புதினாவைக் கசக்கிப் போட்டேன், ஊறவைத்த சப்ஜா விதை போட்டேன். மோரில் சோடா ஊற்றினேன், அது பொங்கி மேசையெல்லாம் வழிந்தது. “இது மருந்தா தண்ணியாக்கா?” என்றாய். கடைசியில் ஒரே ஒரு அசாம்போய், அந்தக் காய்ந்த உப்புப் பழத்தைக் கழுவிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து சோடாவை ஊற்றினேன். ஒரு மடக்கு குடித்தாய். கண்ணை மூடினாய். “ம்” என்றாய். கிளாசை நீட்டினாய். நான் மறுபடியும் ஊற்றினேன்.

அன்று முதல் வேலைக்குப் போகும்போது ஒரு புட்டி நிறைய அதுதான். சாயங்காலம் புட்டி காலியாக வரும். உன்னை நம்பினேன், ஆனாலும் பயம் விடவில்லை. காலிப் புட்டியையும் நீ குடித்த கிளாசையும் கழுவாமல் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டுப் படுப்பேன். இனிப்பு ஒட்டியிருந்தால் காலையில் எறும்பு வந்திருக்கும். ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டாய். அதற்கப்புறம் தினமும் காலையில் பல் விளக்கிக்கொண்டே கேட்பாய், “என்னக்கா, ஒன் எறும்புப் போலீஸ் வந்துச்சா?” ஒரு நாளும் வரவில்லை. புண் ஆறியது. கிளினிக்கில் குத்திப் பார்த்து, சீனி இறங்கியிருக்கிறது என்று மிஸ்ஸி சொன்னபோது அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். நான் கோவிலுக்குப் போய் நெய்விளக்கு ஏற்றினேன்.

அப்படி இருந்தும் போய்விட்டாய். மத்தியான வெயிலில் ஒரு வீட்டில் வேலையை முடித்துவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்தாயாம். நெஞ்சைப் பிடித்தாயாம். சேகர் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓட்டி வருவதற்குள் முடிந்துவிட்டது.

கருமாதி அன்று சாயங்காலம் வீட்டில் படையல். கரங்கானிலிருந்து நம் பெரியம்மா மகள் மல்லிகாக்கா வந்து எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டாள். உன் படத்துக்கு முன்னால் இலை போட்டு, கோழி வறுவல், நெத்திலி சம்பல், தோசை எல்லாம் வைத்தாள். நான் உன் கிளாசில் அசாம்போய் போட்டு, எலுமிச்சை பிழிந்து, சோடா ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன்.

“இது எதுக்கு?” என்றாள்.

“அவன் குடிக்கிறதுதான்க்கா.”

“கேஸக் குடிச்சுக் குடிச்சுத்தான் புள்ளைக்கு நெஞ்ச அடைச்சிருச்சு. வீட்டுக்குள்ள தோம்பக் கட்டி வச்சிருக்கீங்க, கேட்டா சோடாவாம்.”

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.  எனக்கே அந்தப் பயம் ஒரு மூலையில் இருந்தது. அந்த நேரம் பார்த்துச் சேகர் உள்ளே வந்தான். கையில் ஆரஞ்சுக் கலர் கேஸ் தண்ணி, பெரிய புட்டி. உனக்கு ரொம்பப் பிடித்த அதே கலர்.

“இது இல்லாம அவன் வரமாட்டான்க்கா” என்றான்.

எனக்கு எங்கேயோ குத்தியது. அவனை அடுப்படிக்குக் கூப்பிட்டேன். மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, “கடைசியா எப்படா குடிச்சான்?” என்று கேட்டேன். அவன் தோம்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“சொல்லு சேகர்.”

“வாங்குவான்க்கா. தெனமும் இல்ல. மூடியத் திறந்து காதுகிட்ட வச்சு அந்தச் சத்தத்தக் கேப்பான். ரெண்டு வாய் குடிப்பான். மிச்சத்த என்கிட்ட நீட்டிருவான்.”

“என் புட்டி?”

“அதயும் குடிப்பான்க்கா. காலி பண்ணாம வேன ஓட்ட மாட்டான். அக்கா பாக்கும்னு சொல்வான்.”

அக்கா பார்க்கும். அதற்காகத்தான் குடித்தாயா, சின்னு? என் எறும்பெல்லாம் இந்த வீட்டுத் தொட்டிக்குள்தானே காவல் இருந்தது. வேனுக்குள் அது எப்படி வரும்? ‘ரெண்டு வாய்’ என்று சேகர் சொன்னது நிஜமா, இல்லை என் முகத்தைப் பார்த்துக் குறைத்துச் சொன்னானா, அதுவும் எனக்குத் தெரியாது.

நான் கூடத்துக்குத் திரும்பி வந்தபோது மல்லிகாக்கா என் கிளாசை எடுத்து ஓரமாக வைக்கப் போனாள்.

“செத்தவனுக்குப் புடிச்சதத்தான் வைக்கணும். நீ குடுத்தத இல்ல. இனிமே சீனி அவன என்ன பண்ணப் போகுது?”

 அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். “ரெண்டும் இருக்கட்டும்க்கா. அவன் பாத்துக்குவான்” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு இலையில் நானே இடம் ஒதுக்கி, ஒரு கிளாசில் ஆரஞ்சும் ஒரு கிளாசில் எலுமிச்சை சோடாவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் முட்டை முட்டையாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

நீ வந்து சாப்பிடுவதற்காகக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து நின்றோம்.  நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது உள்ளே ‘உஸ்ஸ்’ என்று நீளமாக ஒரு சத்தம். மல்லிகாக்கா என் கையைக் கெட்டியாகப் பிடித்தாள். அவள் விரல் சில்லென்று இருந்தது.

“மெஷின்தான்க்கா” என்றான் சேகர். ஆனால் அவன் குரலும் சரியாக இல்லை.

கதவைத் தட்டிவிட்டுத் திறந்தோம். எல்லோரும் கிளாசைத்தான் பார்த்தார்கள். இரண்டிலும் தண்ணி இறங்கியிருந்தது. நுரை அடங்கினால் இறங்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆரஞ்சுக் கிளாசைச் சுற்றி எறும்பு வந்திருந்தது. எலுமிச்சைக் கிளாசில் ஒன்றுமில்லை. இத்தனை நாள் எறும்பை நம்பினேன். அன்றைக்கு அதுவும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. எறும்பு இனிப்புக்கு வரும். நீ எதற்கு வருவாய் என்று அதற்கு எப்படித் தெரியும்?

போன வாரம் அதே மிஸ்ஸியிடம் நானும் விரலை நீட்டினேன். எனக்கும் சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறதாம். இப்போது நானும் ஒரு புட்டியில் அசாம்போய் சோடா நிரப்பிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். தொண்டையில் குத்துகிறது. நீ சொன்னது சரிதான், அந்தக் குத்தல் நன்றாகத்தான் இருக்கிறது. நாளைக்குச் சேகர் வந்தால் தோம்பை மாற்றச் சொல்வேன். இந்தக் கடிதாசியை எழுத எழுதத்தான் அது எனக்கே தெரிந்தது. அந்தச் சத்தம் இல்லாமல் இந்த அடுப்படியில் என்னால் நிற்க முடியாது.

ஆனாலும் காலையில் எலுமிச்சையைப் பிழியும்போதெல்லாம் கை நின்றுபோகிறது. கதவு சாத்தியிருந்த அந்த நேரத்தில், அக்கா பார்க்காத அந்த நேரத்தில், நீ எந்தக் கிளாசை எடுத்தாய், சின்னு?